முந்திரிகைப் பந்தலும் பனங்கூடலும்

யாழ்ப்பாணத்திலே திராட்சை என்று சொல்வோர் பெரும்பாலும் புத்தகம் படித்தவர்கள்; முந்திரிகை என்று சொல்வோர் அதனைப் பயிரிடுகிறவர்கள். தமிழகத்து நண்பர் ஒருவர் எங்கள் பக்கம் வந்து முந்திரிகைப் பழம் வேண்டுமெனக் கேட்டால், அவர் கையிலே கறுத்துக் குலுங்கும் ஒரு குலையைக் கொடுப்போம். அவர் திகைத்துப் போவார். அவர் நாட்டிலே முந்திரி என்பது வேறு. அதனை நாம் மரமுந்திரிகை என்போம்.

மருதனார்மடச் சந்தைக்குப் பருவகாலத்தில் வந்து பார்ப்போர், பெட்டி பெட்டியாக இந்தக் குலைகள் இறங்குவதைக் காண்பர். இணுவில், கோண்டாவில், உரும்பிராய், ஊரெழு ஆகிய ஊர்களின் செம்மண் தோட்டங்களிலே, கிணற்று நீரை நம்பி, கல்லுத் தூண்களும் கம்பியும் கொண்டு போட்ட பந்தல்களின் கீழே இவை விளைகின்றன. அதே தோட்டத்தின் வேலியோரத்தில் நாலைந்து பனைகள் நிற்கும். அவற்றை யாரும் நட்டதுமில்லை. அவற்றுக்கு யாரும் நீர் இறைத்ததுமில்லை. இந்தக் கொடிக்கும் அந்தப் பனைக்கும் இடையே நானூறு ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு வழக்கைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். இரண்டும் மதுவைத் தருவன. ஒன்றின் மது கோயிற் பீடத்தில் ஏறிற்று. மற்றையதன் மது தவறணையில் ஒதுங்கிற்று. இது எவ்வாறு நேர்ந்தது?

பாடசாலை அதிபர் ஒருவர் மதுவைப் பற்றிப் பேசலாமா என்று நேயர்களுள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். குடியினாற் சிதைந்த வீடுகளின் பிள்ளைகள் எங்கள் வகுப்பறைகளிலே இருக்கிறார்கள். அதனை மறந்து பேசுகிறவன் அல்லேன். ஆயினும் மதுவை உண்டாக்கும் கைத்தொழில், ஒரு நாட்டின் நிலத்தையும் சமயத்தையும் வரிச் சட்டத்தையும் சாதியையும் ஒருங்கே காட்டும் கண்ணாடியாக இருக்கிறது. வரலாறு படித்தவன் அக்கண்ணாடியைக் கவிழ்த்து வைக்க விரும்பமாட்டான்.

பழமையிலிருந்து தொடங்குவோம். தமிழன் கொடிமுந்திரியின் மதுவை முதலிற் சுவைத்தது யவனர் கொண்டுவந்த சாடிகளிலேதான். பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் நல்ல கலங்களிற் கொணர்ந்த குளிர்ந்த நறுந்தேறலை அவன் பொற்கலத்திற் பருகி மகிழ்வதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டிலே குறிப்பிடுகிறார். புலவர் கூற்றை மண்ணும் மெய்ப்பித்தது. புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டிலே 1945ஆம் ஆண்டு மோர்ட்டிமர் வீலர் நடத்திய அகழ்வில், இரு காதும் கூரிய அடியும் கொண்ட சாடிகளின் ஓடுகள் அகப்பட்டன. பின்வந்த ஆய்வாளர் அவற்றைப் பிரித்து ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை கிரேக்கத் தீவாகிய கோசிலிருந்து வந்த மதுச்சாடிகள் எனக் கண்டனர். ஸ்பெயின் தேசத்துச் சாடிகளும் அவற்றிடையே இருந்தன. ஆனால் அவை மதுவைச் சுமந்து வந்தவை அல்ல. புளிக்கவைத்த மீன்சாற்றைச் சுமந்து வந்தவை. ஆகவே ஸ்பெயின் நாட்டார் தமிழகத்துக்கு முதன்முதல் அனுப்பிய பண்டங்களுள் ஒன்று மீன்சாறு! கருவாட்டுக்குப் பேர்பெற்ற கரையோரத்துக்கு மீன்சாறு கொண்டுவந்து விற்ற வணிகனின் துணிவை மெச்சத்தான் வேண்டும்.

அந்நாளிலே தமிழரிடத்தும் சொந்த மது இருந்தது. பனையினின்றும் தென்னையினின்றும் இறக்கிய கள்ளும், அரிசியினின்றும் தேனினின்றும் ஆக்கிய தேறலும் சங்கச் செய்யுள்களில் அரசன் அவையிலும் வருகின்றன, உழவன் முற்றத்திலும் வருகின்றன. அதியமான் ஔவையோடு கள்ளைப் பகிர்ந்துண்டான் என்பதைத் தமிழ் படித்த பிள்ளைகள் அறிவர். யவனர் தேறல் அரியது என்பதனாற் சிறப்புப் பெற்றதேயன்றி, நம் கள் இழிந்தது என்பதனாலன்று. இழிவு பிற்காலத்திலே வந்தது.

இனிப் பதினைந்து நூற்றாண்டுகளைக் கடந்து 1619ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு பிலிப் டி ஒலிவெய்ரா என்ற போர்த்துக்கேயத் தளபதி நல்லூரைக் கைப்பற்றினான். சங்கிலி மன்னன் சிறைப்பட்டான். இதனை நாம் போர்த்துக்கேயர் ஆட்சி என்றே படிக்கிறோம், அது சரிதான். ஆனால் 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல் தனியரசாக இருக்கவில்லை. ஸ்பெயின் மன்னனே போர்த்துக்கலுக்கும் மன்னனாக இருந்தான். எனவே யாழ்ப்பாணம் வீழ்ந்த அன்று, சட்டப்படி நம் வயல்களுக்கும் பனைகளுக்கும் மேலான அரசன் மட்ரிட் நகரத்து மூன்றாம் பிலிப்பு ஆவான். அவனுக்குப்பின் அவன் மகன் நான்காம் பிலிப்பு. 1640இல் லிஸ்பன் கிளர்ந்தெழும் வரை, ஏறத்தாழ இருபத்தொரு ஆண்டுகள், நாம் ஸ்பெயின் மகுடத்தின் கீழ் இருந்தோம். நம்முடைய பாடப்புத்தகங்கள் இதனை ஒரு வரியிலேனும் சொல்லியிருக்கலாம்.

அவ்வாட்சி விட்டுச்சென்ற சொற்கள் இன்றும் நம் நாவில் உள்ளன. கள் விற்கும் இடத்தை யாழ்ப்பாணத்தார் தவறணை என்கிறோம். இது 'தவேர்ணா' என்ற போர்த்துக்கேயச் சொல். ஸ்பெயினில் அதன் உடன்பிறப்பு 'தபேர்ணா'. சாராயமும் வினாகிரியும் அடைத்து வைக்கும் பீப்பா, 'பிப்பா' என்ற மரக்கலத்தின் பெயர். கள்ளுக்குத் தமிழ்ப் பெயர் நூறிருக்க, கள்ளை விற்கும் இடத்துக்கு மட்டும் பிறமொழிப் பெயர் நிலைத்ததைக் கவனிக்கவேண்டும். கள் வீட்டுமுற்றத்தை விட்டு, உரிமம் பெற்றவனின் கடைக்குப் போன கதை அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

கொடிமுந்திரியின் மது நம் நாட்டுக்கு வந்த வழி கோயில் வழி. கத்தோலிக்கப் பூசைக்குக் கோதுமை அப்பமும் கலப்பற்ற முந்திரிகை இரசமும் இன்றியமையாதவை. கள்ளோ வேறு பழச்சாறோ அதற்கு ஈடாகாது என்பது திருச்சபையின் விதி. ஆகவே கப்பலிலே குருவானவர் வந்தபோதெல்லாம் மதுக்கலமும் உடன் வந்தது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்துக் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தபின், அந்த ஒரு சிறு கலமும் கள்ளக் கடத்தற்குரிய பொருளாயிற்று. 1687ஆம் ஆண்டு யோசேவாஸ் முனிவர் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கி, சில்லாலையிலே தங்கி, இரவிரவாகப் பூசை செய்தார். சில்லாலை எங்கள் மருதனார்மடத்திலிருந்து சைக்கிளிற் போய்வரும் தூரம். அந்நாளில் ஒரு துளி முந்திரிகை இரசம் எத்தனை காவலைத் தாண்டி அவ்வூருக்கு வந்திருக்கவேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம். 2015ஆம் ஆண்டு அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

இரசம் வந்தது, கொடி எப்போது வந்தது? தமிழகத்திலே கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையை 1832ஆம் ஆண்டு ஒரு பிரெஞ்சுக் குருவானவர் கொணர்ந்தார் என்பர். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. யாழ்ப்பாணத்துக் கொடிக்கு அத்தகைய பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஆனால் ஒரு சுவையான செய்தியை 1859இல் வெளிவந்த எமேர்சன் தெனன்றின் நூல் தருகிறது. அந்நாளில் வடமாகாணத்துக்கு ஏசண்டராக இருந்தவர் டைக் துரை. 'யாழ்ப்பாணத்து ராசா' என்று சொல்லத்தக்க அதிகாரத்தோடு பல்லாண்டு ஆண்டு, 1867இல் கோப்பாயில் உயிர்நீத்தவர். அவர் முந்திரிகைக் கொடியை வளர்த்துப் பார்த்தார். கொடி செழித்தது, காய்க்கவில்லை.

காரணம் எளிது. குளிர்நாட்டிலே மாரிகாலத்தில் முந்திரிகை இலையுதிர்த்து உறங்கும். உறங்கி எழுந்துதான் காய்க்கும். நம் நாட்டிலோ உறக்கமில்லை. ஆண்டு முழுவதும் தழைத்துக்கொண்டே இருந்து, தன் வலிமையையெல்லாம் இலைக்கே செலவிட்டுவிடும். டைக் துரை வேரைச் சுற்றி மண்ணைத் தோண்டி, வேர் வெயிலிற் காயுமாறு விட்டார். கொடி இலையுதிர்த்து ஓய்ந்தது. பின் மண்ணணைத்து எருவிட்டு நீர் பாய்ச்சினார். கொடி துளிர்த்துக் காய்த்தது. செயற்கையாக ஒரு மாரிகாலத்தை வெயிலாலேயே உண்டாக்கிய விந்தை இது. இன்று இணுவில் தோட்டக்காரர் நீரை நிறுத்திக் கொடியைக் கவாத்துப் பண்ணி, மூன்று மூன்றரை மாதத்திற் குலை வெட்டும்போது செய்வதும் இதுவேதான். கருவி மாறியது, கருத்து மாறவில்லை.

இந்தக் கொடியை நம் நாட்டில் மதுவாக மாற்றியவர்கள் துறவிகள். 1928ஆம் ஆண்டு தோமஸ் அடிகளார், தோலகட்டியிலே செபமாலைத் தாசர் சபையை நிறுவினார். வசாவிளானை அடுத்த அந்த ஊர், அந்நாளிற் கல்லும் முள்ளும் நிறைந்த வரண்ட வெளி. அடிகளார் யாழ்ப்பாணத்தவர், அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்தவர், 1964இல் மறைந்தார். அவர் நிறுவியது இரவும் பகலும் இடையறாது செபமாலை ஓதும் கடுந்தவச் சபை. மரக்கறி உணவு, பாயிற் படுக்கை, கைத்தொழில். வெவ்வேறு சாதியிற் பிறந்தோர் ஒரே பந்தியில் உண்ட மடம் அது என்பதையும் சொல்லவேண்டும்; 1928இல் யாழ்ப்பாணத்தில் அது எளிய செயலன்று.

அத்துறவிகள் கல்லுடைத்து, கிணறு வெட்டி, முந்திரிகைப் பந்தல் போட்டு, வைன் செய்தார்கள். அது தோலகட்டி வைன் என்றே ஊருக்குத் தெரிந்தது. எங்கள் வீடு சைவ வீடு. மதுப் போத்தல் வாசற்படி மிதியாத வீடு. ஆயினும் அம்மாவின் மருந்துப் பெட்டியிலே, நெல்லிரசத்துக்கும் வேப்பெண்ணெய்க்கும் பக்கத்தில், தோலகட்டி வைன் ஒரு போத்தல் இருந்தது. காய்ச்சலில் மெலிந்தவருக்கு ஒரு சிறு மூடி அளவு கொடுப்பார். அது மது என்று அவர் ஒருநாளும் எண்ணியதில்லை. 'சாமிமார் செய்தது' என்பார். கறுவாவும் கராம்பும் மணக்கும் அந்த இனிப்பு மது, பின்னாளிற் செபமாலைக் கன்னியர் கைப்பட்டு 'ரொசெற்றோ' என்ற பெயரில் யாழ்ப்பாணத்துக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளின் கைநூல்களிலும் இடம்பெற்றது.

1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கு மக்கள் போரினாற் பெயர்ந்தபோது, பலாலிப் படைத்தளத்தைச் சூழ்ந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. தோலகட்டியும் அதனுள் அகப்பட்டது. பந்தலுக்குத் தினமும் ஆள் வேண்டும். பத்து நாள் நீர் இறைக்காவிட்டால் கொடி காய்ந்துவிடும். மடங்கள் இடம்பெயரலாம், கொடி இடம்பெயராது.

இதே கதை ஸ்பெயினில் நடந்திருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல நேயர்கள் இடந்தருவார்களாக.

கத்தலோனியாவின் தெற்கே, தரகோனா மாகாணத்துக்கு உட்பட்ட மலைப் பகுதியொன்றுக்குப் பிரியோராத் என்று பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே கார்த்தூசியன் துறவிகள் ஒரு மடம் கண்டனர். பைன் மரத்தின் உச்சியிலிருந்து வானம் வரை சென்ற ஏணியில் தேவதூதர் ஏறி இறங்கியதை ஓர் இடையன் கண்டான் என்பது தலக்கதை. எனவே மடத்துக்கு 'இறைவனின் ஏணி' என்று பொருள்படும் ஸ்காலா டேய் என்ற பெயர். மடத்துத் தலைவருக்குப் 'பிரியோர்' என்பது பதவிப் பெயர். அவர் ஆண்ட நிலம் பிரியோராத். இத்துறவிகளும் பேசா நோன்பினர், கடுந்தவத்தினர். அங்கும் மண் என்று சொல்லத்தக்க மண் இல்லை. கரிய பலகைக்கல் உடைந்த சில்லுகளே நிலம். கொடியின் வேர் அக்கல்லின் வெடிப்புகளுக்குள் நீரைத் தேடி ஆழச் செல்லும். குலை சிறிது, மது தடித்தது.

1835இல் ஸ்பெயின் அரசு மடங்களின் சொத்தைப் பறித்தது. துறவிகள் வெளியேற, மடம் இடிபாடாயிற்று. அதற்குப்பின் ஃபிலொக்சரா என்ற சிறு பூச்சி வந்தது. அமெரிக்காவிலிருந்து கொடியோடு வந்த இப்பூச்சி, ஐரோப்பாவெங்கும் முந்திரிகை வேரைத் தின்று தீர்த்தது. 1878இல் ஸ்பெயினின் மலாகாவிற் காணப்பட்டது. அந்நூற்றாண்டு முடியுமுன் பிரியோராத்தையும் அழித்தது. பூச்சியை எதிர்க்கவல்ல அமெரிக்கக் கொடியின் வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டுவது மருந்தென்று கண்டபின்னும், செங்குத்தான மலைச்சரிவுகளை மீண்டும் பண்படுத்த ஆளில்லை. இளைஞர் பார்சலோனாவின் ஆலைகளுக்குப் போய்விட்டனர். எஞ்சிய கிழவர் விளைத்ததை மொத்தமாக விற்றனர். பிற ஊர் மதுவுக்கு வலுவூட்டும் கலப்புச் சரக்காகப் பிரியோராத் மது பெயரிழந்து போயிற்று.

மாற்றம் 1980களில் வந்தது. ரெனே பார்பியே, கார்லஸ் பஸ்திரானா, ஆல்வரோ பலாசியோஸ் முதலிய சிலர் கிரதல்யோப்ஸ் என்ற சிற்றூரிலே கைவிடப்பட்ட சரிவுகளை வாங்கினர். 1989ஆம் ஆண்டு விளைவை ஒன்றாகவே கூட்டி மதுவாக்கினர். அவர்களின் மூலதனம் என்ன? எவரும் வேண்டாத கல்நிலமும், முதுகு வளைந்த பழங்கொடிகளும், அவற்றைக் கவாத்துப் பண்ணத் தெரிந்த சில கிழவர்களும். இருபது ஆண்டுகளுக்குள் பிரியோராத், ரியோகாவுக்கு நிகரான உச்சத் தரப்பெயரைப் பெற்றுவிட்டது. 2000இல் கத்தலோனிய அரசும் 2009இல் ஸ்பெயின் அரசும் அதனை ஏற்றன. விலை ஏறியதும் ஊருக்கு ஆள் திரும்பியது. எல்லாம் நன்மையே என்று சொல்லமாட்டேன். நிலத்தின் விலையும் ஏறிற்று. தம் ஊர் மதுவைத் தாமே வாங்கமுடியாத நிலையும் பிறக்கும்.

இதனினும் என்னைக் கவர்ந்தது, அதே கத்தலோனியாவில் தோரஸ் குடும்பத்தார் 1980களிலே தொடங்கிய ஒரு வேலை. பூச்சிக்கு முந்திய காலத்து உள்ளூர்க் கொடி வகைகள் அழிந்தே போயினவா என்று அறிய, அவர்கள் உள்ளூர்ப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தனர்: உங்கள் தோட்டத்து மூலையிலே பெயர் தெரியாத முந்திரிகைக் கொடி ஏதேனும் நின்றால் எங்களுக்குத் தெரிவியுங்கள். அவ்வளவுதான். பதில்கள் வந்தன. கிழவிமார் கோழிக்கூட்டு ஓரங்களைச் சுட்டிக்காட்டினர் என்று சொன்னாலும் மிகையாகாது. பல்லாண்டுத் தேடலில் ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள் மீண்டன. அவற்றுள் 'கரோ' என்பது 1996ஆம் ஆண்டு விளைவின் மதுவிலே மீண்டும் சேர்க்கப்பட்டது.

பிரியோராத் மதுவைப் பற்றி நான் படித்தறிந்தது மட்டுமன்று. ஒருமுறை சுவைத்தும் இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறைக்கு வந்த என் தமக்கையின் மகன், பிரியோராத்திலிருந்து ஒன்றும், தெற்கே ஹெரெஸ் நகரத்திலிருந்து ஒன்றுமாக இரு போத்தல்கள் கொண்டுவந்தான். ஹெரெஸ் மதுவைத்தான் ஆங்கிலேயர் நாத்திரிந்து ஷெரி என்றனர். பழைய பீப்பாவிற் புதியதை ஊற்றி, புதியதிற் பழையது கலந்து, பழையது முற்றும் தீராதபடி ஆண்டுதோறும் அடுக்கடுக்காக இறக்கிவரும் முறையில் ஆக்கப்படுவது அது. உறைக்குத்திய தயிர் போன்ற தொடர்ச்சி. என் தந்தையார் எண்பது வயதைக் கடந்தவர். நாற்பது ஆண்டு முந்திரிகைப் பந்தல் வைத்திருந்தவர். பேரனுடைய வற்புறுத்தலுக்காக ஒரு வாய் ஷெரி பருகினார். கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, "தம்பி, இது முந்திரிகை மாதிரி இல்லை. பழைய பனங்கட்டிக் குட்டானைத் திறந்த மணம் வருகுது" என்றார். பின் பிரியோராத்தைச் சுவைத்து, "இது நல்லாய்க் கல்லுக்குள்ள நிண்டு தண்ணிக்கு அலைஞ்ச கொடி" என்றார். அந்நிலத்தைப் பற்றி அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

இவ்விடத்தில் செர்வாந்தெஸ் எழுதிய 'தொன் கிஹோத்தே' நூலில் வரும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. நூலின் இரண்டாம் பாகம் வெளிவந்தது 1615இல். நல்லூர் வீழ நான்கு ஆண்டுகளே இருந்தன. அதிலே வேலையாளாகிய சாஞ்சோ, தன் தந்தை வழி உறவினர் இருவரின் நாநுட்பத்தைப் பெருமையாகச் சொல்கிறான். ஒரு பீப்பா மதுவை அவர்களுக்குக் கொடுத்துக் கருத்துக் கேட்டனராம். ஒருவர் நாநுனியில் வைத்துப் பார்த்து, இரும்புச் சுவை இருக்கிறது என்றார். மற்றவர் மோந்து மட்டும் பார்த்து, தோல் மணம் இருக்கிறது என்றார். உடையவன் மறுத்தான், பீப்பா சுத்தமானது என்றான். மது விற்றுத் தீர்ந்து பீப்பாவைக் கழுவியபோது, அடியிலே தோல்வாரிற் கட்டிய சிறு திறப்பு ஒன்று கிடந்தது. இக்கதையை 1757இலே டேவிட் ஹியூம் என்ற ஆங்கில மெய்யியலார் சுவையறிவுக்கு எடுத்துக்காட்டாக ஆண்டார். அவரைச் ஸ்கொத்லாந்தர் என்று சொல்வதே முறை. எடின்பரோவில் இதனைக் கேட்போர் இருந்தால் சினப்பார்கள்.

சாஞ்சோவின் உறவினர் நிலப்பிரபுக்களல்லர், ஏழைக் குடியானவர். நாநுட்பம் ஏழையின் சொத்தாகவும் இருக்கலாம் என்பதை அந்நாட்டு மாபெரும் நூல் ஏற்றுக்கொண்டது. நம் நாட்டிலும் அத்தகைய நாவுடையவர் இருந்தனர், இருக்கின்றனர். அவர்களைச் சீவல் தொழிலாளர் என்கிறோம்.

பனையிலே கள் இறங்குவது தானாக நடப்பதன்று. தளநாரைக் காலிற் பூட்டி, மார்பை மரத்தோடு அணைத்து ஏறவேண்டும். பாளையைப் பக்குவமாகத் தட்டி இளக்கிக் கட்டவேண்டும். ஓங்கித் தட்டினால் பாளை வெடிக்கும். மெல்லத் தட்டினால் சுரக்காது. நாள்தோறும் காலையும் மாலையும் ஏறி, பாளைக் கத்தியால் நுனியை மெல்லிய தகடாகச் சீவவேண்டும். முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு தடவினால் புளிப்பு அடங்கி இனிய கருப்பநீர். சுண்ணாம்பு இல்லையேல், காற்றிலுள்ள நுண்ணுயிர் சில மணி நேரத்தில் அதனைக் கள்ளாக்கிவிடும். முந்திரிகைச் சாறு மதுவாக வாரக்கணக்கிற் காத்திருக்கும். பதநீர் மத்தியானம் வரைதான் காத்திருக்கும். ஆகவே கள்ளை ஆண்டுக்கணக்கிற் பேணி வைக்கமுடியாது. அன்றைய கள் அன்றைக்கே. வெய்யோன் ஏறுவதற்குமுன் இறக்கிய கள்ளுக்கும் பின் இறக்கிய கள்ளுக்கும், ஒற்றை மரத்துக் கள்ளுக்கும் பலமரத்துக் கள்ளுக்கும் வேற்றுமை காண்போர் உண்டு. இதனைப் பனையோலைப் பிளாவிற் பருகினால் ஓலை மணமும் உடன் சேரும்.

பனையின் பயன் 801 என்று 'தாலவிலாசம்' என்ற தமிழ் நூல் பாடியதை, 1850இல் பனையைப் பற்றி நூல் எழுதிய வில்லியம் பேர்குசன் வியந்து எடுத்துரைத்தார். எண்ணூற்றொரு பயனையும் கொண்டாடிய நாம், அதில் ஏறுகிறவனைத் தீண்டத்தகாதவன் என்றோம். அவன் இறக்கிய கள்ளைக் குடித்தோம்; அவன் தொட்ட கிணற்று நீரைக் குடிக்கமாட்டோம் என்றோம். கே. டானியல் 1972இல் வெளியிட்ட 'பஞ்சமர்' நாவலைப் படித்தோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அரசாங்கங்களும் தம் பங்கைச் செய்தன. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் மதுவிற்பனையைக் குத்தகைக்கு விட்டுத் திறைசேரியை நிரப்பினர். 1912இல் வந்த மதுவரிச் சீர்திருத்தம் கள்ளைச் சாராயத்திலிருந்து பிரித்து, ஊர்தோறும் கள்ளுத் தவறணைகளுக்கு உரிமம் வழங்கிற்று. அதனை எதிர்த்து இலங்கையெங்கும் மதுவிலக்கு இயக்கம் கிளர்ந்தது. அடுத்த ஆண்டிலேதான், 1913இல், சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்திலே தம் பெயர் விளங்கும் பெண்கள் கல்லூரியை நிறுவினார். 1927இல் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தபோது அக்கல்லூரிக்கும் வந்தார். மதுவை ஒழிக்கவேண்டும் என்பது அத்தலைமுறைப் பெரியோரின் உறுதி. அவர்கள் கண்ட துன்பம் மெய், எண்ணமும் தூயது. ஆனால் தவறணையை வெறுத்த வெறுப்பு, தவறணைக்குக் கள் கொடுத்தவனின் கலைமீதும் போய் விழுந்தது. சாராயப் போத்தலோ அலுமாரியில் ஏறி மரியாதை பெற்றது! கள்ளைவிடப் பன்மடங்கு கேடு செய்வது அது.

1970களிலே சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களாக ஒன்றுபட்டனர். தரகன் ஒழிந்தான், அன்றாடம் காசு கைக்கு வந்தது, பிள்ளைகள் பாடசாலைக்கு வந்தனர். 1978இல் பனை அபிவிருத்திச் சபை தோன்றியது. பருத்தித்துறைப் பக்கம் திக்கத்திலே வடிசாலை எழுந்தது. கள்ளைப் போத்தலில் அடைத்துக் கடல்கடந்தும் அனுப்பினர். பின் போர். காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் தறிபட்ட பனைகளை எவர் எண்ணினார்! பனை வளர்ந்து பாளை தள்ள ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் செல்லும். போர் முடிந்தது 2009இல். அன்று விழுந்த பனங்கொட்டைகளின் மரங்கள் இப்போதுதான் பாளை காட்டுகின்றன. மரம் இருக்கிறது, ஏறத்தான் ஆளில்லை.

ஏன் இல்லை என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். முதலாம் வகுப்பிற் பிள்ளையைச் சேர்க்க ஒரு தந்தையார் வந்திருந்தார். விண்ணப்பத்திலே தொழில் என்ற இடத்திற் 'கூலி' என்று எழுதியிருந்தார். அவர் முன்கையிலும் மார்பிலும் மரத்தோடு உராய்ந்து உண்டான காய்ப்பு இருந்தது. "சீவல் தொழிலோ?" என்று கேட்டேன். "ஓம் ஐயா. ஆனால் அது புத்தகத்தில கிடக்க வேண்டாம், நாளைக்குப் பிள்ளையைப் பகிடி பண்ணுவினம்" என்றார். கிரதல்யோப்சில் பழங்கொடியைக் கவாத்துப் பண்ணும் கிழவரின் படத்தைப் போத்தலை விற்போர் பெருமையோடு காட்டுகின்றனர். அதே திறமுடைய நம் மனிதர், பிள்ளையின் பதிவேட்டிலே தன் தொழிலை மறைக்கவேண்டி இருக்கிறது.

இன்று வடக்கிலே வைன் தொழிலுக்கு உயிர்கொடுக்க வேண்டும் என்று பேசுவோர் பெரும்பாலும் முந்திரிகையையே எண்ணுகின்றனர். அதனை நான் மறுக்கவில்லை. நம் தோட்டங்களில் இப்போது மிகுதியாக உள்ள 'இஸ்ரேல் புளூ' உண்பதற்கேற்ற பழம். விளைவு மிகுந்து விலை விழும் வாரங்களில் அது சந்தையில் அழுகுவதைவிடச் சாறாகவோ மதுவாகவோ மாறுவது நன்று. தோலகட்டித் துறவிகளின் அனுபவமும் நமக்கு உண்டு. ஆயினும் மருதனார்மடத்துக் கல்நிலத்தின் ஆழத்தைத் துழாவி நீர் தேடும் வேர் எது? எவரும் நீர் இறைக்காமல், எவரும் வேரைக் காயவிடாமல், நம் வெயிலையே தன் மாரியாகவும் கோடையாகவும் கொண்டது எது? ஸ்பெயின் நாட்டார் மீட்டது பிறநாட்டுக் கொடியையன்று. தம் கோழிக்கூட்டோரத்தில் நின்றதையே.

தோரஸ் குடும்பத்தாரைப் பின்பற்றி, எங்கள் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் சென்ற பங்குனியில் ஓர் அறிவித்தல் எழுதி, சந்தை வாசலிலும் வாசிகசாலைகளிலும் ஒட்டினார்கள். கள்ளை விற்பதற்கன்று, அறிவதற்கு. உங்கள் வளவிலோ அயலிலோ மற்றைய பனைகளினும் இனிய கருப்பநீர் தந்த பனை எது? அதனை ஊரார் எப்பெயரால் அழைத்தனர்? அதில் ஏறியவர் யார், அவர் இருக்கிறாரா? பாளை கட்டும் முறையை அவரிடம் கற்றவர் உண்டா? விபரம் அறிந்தோர் மாணவரிடம் சொல்லலாம் என்பது அதன் வாசகம்.

இதுவரை பதினொருவர் சொல்லியிருக்கிறார்கள். ஏழு மரங்களின் பெயர்கள் கிடைத்தன. அவற்றுள் மூன்று மரங்கள் நிற்கின்றன. ஏறியவர்களுள் இருவர் உயிரோடு இருக்கிறார்கள். இளையவருக்கு அறுபத்தெட்டு வயது. வருகிற தை மாதம் பாளை கட்டும்போது வந்து பார்க்கலாம் என்று அவர் மாணவரிடம் சொல்லியிருக்கிறார்.